ஹால் டிக்கெட் வந்தது... அவள் வரவில்லை! - மரக்காணம் உப்பளமும் ஒரு மேல்நிலைப் பள்ளியும்

மே மாதம் பிறந்தால் எங்கள் டிஜிட்டல் டெஸ்க்கில் ஒரு செய்தி பாதி எழுதப்பட்ட நிலையில் காத்திருக்கும். ‘பிளஸ் 2 தேர்வு முடிவுகள் வெளியாகின. மொத்தத் தேர்ச்சி இத்தனை சதவிகிதம். வழக்கம்போல மாணவிகளே அதிக தேர்ச்சி.’ எண்ணை மட்டும் நிரப்பினால் போதும். ‘வழக்கம்போல மாணவிகளே’ என்ற வரியை நாங்கள் அழிப்பதே இல்லை. வருடா வருடம் அது பொய்த்ததில்லை.

2024-ல் அந்த எண் 94.56. 2025-ல் 95.03. அரசுப் பள்ளிகளை மட்டும் எடுத்தால் 2025-ல் 91.94. செய்தி வெளியான அரை மணி நேரத்தில் மாவட்டவாரியான பட்டியல், அதன் பிறகு நூறு சதவிகிதம் எடுத்த பள்ளிகள் என்று வரிசையாகப் போகும். நடுவில் ஊரிலிருந்து சித்தப்பாவின் போன் வந்துவிடும். “பாப்பா, நம்ம மாவட்டம் எத்தனாவது?”

நம்ம மாவட்டம் விழுப்புரம். நான் பிளஸ் 2 எழுதிய 2018-ல் பட்டியலில் கடைசி இடம். அப்போது கள்ளக்குறிச்சியும் எங்களோடுதான் இருந்தது. கல்வராயன் மலையிலிருந்து மரக்காணம் கடற்கரை வரை நீண்டு கிடந்த பெரிய மாவட்டம். 2019-ல்தான் பிரிந்தது. கடைசி இடம் என்றதும் டி.வி-யில் காரணங்களை அடுக்கினார்கள். பின்தங்கிய பகுதி, ஆசிரியர் பற்றாக்குறை, பெற்றோருக்கு விழிப்புணர்வு இல்லை என்றெல்லாம். அந்தக் கடைசிக் காரணத்தைக் கேட்டால் எனக்கு இன்றும் கோபம் வரும். ஏன் என்று சொல்கிறேன்.

சென்னையிலிருந்து ஈ.சி.ஆர் வழியாகப் புதுச்சேரிக்குப் போயிருப்பவர்களுக்கு மரக்காணம் தெரிந்திருக்கும். சாலையோரம் வெள்ளை வெளேரென்று பாத்திகள், ஓலை போட்டு மூடிய உப்புக் குவியல்கள். நிறைய பேர் காரை நிறுத்தி செல்ஃபி எடுப்பார்கள். ஆந்திராவிலிருந்து கடலை ஒட்டியே வரும் பக்கிங்ஹாம் கால்வாய் இங்கேதான் முடிகிறது. பக்கத்திலேயே கழுவெளி, பறவைகள் சரணாலயம். தூத்துக்குடி, வேதாரண்யம் அளவுக்குப் பேர் வாங்காவிட்டாலும், தமிழ்நாட்டில் உப்பு என்றால் எங்கள் ஊரையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

நான் படித்தது இந்தப் பகுதியில் இருக்கும் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளி. பெயர் வேண்டாமே. எங்கள் வகுப்பில் மீனவக் குப்பத்துப் பிள்ளைகள் இருந்தார்கள், உப்பளத்துப் பிள்ளைகள் இருந்தார்கள், மளிகைக் கடைக்காரர் மகன் இருந்தான், சத்துணவு அமைப்பாளரின் மகளும் இருந்தாள். யாரையும் என்ன மார்க் என்று கேட்டுச் சேர்க்கவில்லை. பத்தாவதில் 480 எடுத்தவளும் 210 எடுத்தவனும் ஒரே கட்டடத்தில் பிளஸ் 1-க்கு வந்தார்கள். குரூப் மட்டும்தான் வேறு.

‘இதிலென்ன விசேஷம், அரசுப் பள்ளி என்றால் அப்படித்தானே’ என்று நினைக்கிறீர்களா? இந்த ஏற்பாட்டுக்காக உலகத்தில் பெரிய சண்டையே நடந்திருக்கிறது. இங்கிலாந்தில் 11 வயதில் ஒரு பரீட்சை வைத்து, தேறியவர்களை ஒரு பள்ளிக்கும் தேறாதவர்களை வேறு பள்ளிக்கும் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். பதினோரு வயதில் ஒரு பிள்ளையின் தலையெழுத்தை முடிவு செய்வதா என்று எதிர்ப்பு கிளம்பி, 1965-ல் அந்த நாட்டு அரசே ‘எல்லோருக்கும் ஒரே பள்ளி’ முறைக்கு மாறச் சொல்லி உள்ளாட்சிகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. ‘காம்ப்ரிஹென்சிவ் ஸ்கூல்’ என்று அதற்குப் பெயர்.

நம் நாட்டில் அதற்கு முன்பே அந்தப் பேச்சு வந்துவிட்டது. சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக நீண்ட காலம் இருந்த ஏ.லட்சுமணசாமி முதலியார் தலைமையிலான குழு, 1953-ல் ‘பல்நோக்குப் பள்ளிகள்’ வேண்டும் என்று பரிந்துரைத்தது. இலக்கியம் படிக்கிற பிள்ளையும் தொழில் கற்கிற பிள்ளையும் ஒரே வளாகத்தில் இருக்க வேண்டும் என்பது அதன் சாரம். 1966-ல் அறிக்கை கொடுத்த கோத்தாரி குழு இன்னும் ஒரு படி மேலே போய், பணக்காரர், ஏழை வித்தியாசம் இல்லாமல் அந்தந்தப் பகுதிப் பிள்ளைகள் எல்லோரும் ஒரே பொதுப்பள்ளியில் படிக்கட்டும் என்றது. அந்தப் பகுதியை மட்டும் எல்லா அரசுகளும் பத்திரமாக மடித்து வைத்துவிட்டன.

தமிழ்நாட்டுக்குப் பிளஸ் 1 வந்தது 1978-ல். முதல் பிளஸ் 2 பொதுத்தேர்வு 1980-ல். அதற்கு முன்பு பள்ளி என்றால் பதினோராம் வகுப்பு எஸ்.எஸ்.எல்.சி-யோடு சரி. அதற்கு மேல் பி.யூ.சி படிக்கக் கல்லூரிக்குப் போக வேண்டும். எங்கள் ஊரிலிருந்து திண்டிவனமோ புதுச்சேரியோ போகவே முப்பது, நாற்பது கிலோ மீட்டர் ஆகும். ஆண் பிள்ளைகளே யோசிப்பார்கள். பெண் பிள்ளைகளை எந்த வீட்டில் அனுப்புவார்கள்? மேல்நிலைப் பள்ளி என்ற ஒன்று வந்ததால்தான் அந்த இரண்டு வருடப் படிப்பு நடந்துபோகும் தூரத்துக்கு, அப்புறம் இலவச சைக்கிளில் போகும் தூரத்துக்கு வந்தது. என் ஆயா கைநாட்டு. என் அம்மா எட்டாவது. நான் பிளஸ் 2 முடித்து, டிகிரி முடித்து, ஜர்னலிசம் டிப்ளமோவும் முடித்தேன். இந்த மூன்று தலைமுறைக் கணக்கில் அந்தப் பள்ளிக்குத்தான் பெரிய பங்கு.

சரி, பிரச்னைக்கு வருகிறேன்.

உப்பளத்துக்கு ஒரு காலண்டர் இருக்கிறது. மழை ஓய்ந்து பொங்கல் கழிந்ததும் பாத்தியில் தேங்கிய மழை நீரை வெளியேற்றுவார்கள். சேற்றைக் காலால் மிதித்து மிதித்துத் தளத்தைக் கெட்டிப்படுத்துவார்கள். வரப்பு கட்டுவார்கள். அப்புறம் உவர்நீரைப் பாய்ச்சி, ஒரு பாத்தியிலிருந்து அடுத்த பாத்திக்கு மாற்றி மாற்றிக் காய வைப்பார்கள். மாசி, பங்குனியில் உப்பு வார ஆரம்பித்தால், சித்திரை வைகாசியில் உச்சம். செப்டம்பர் வரை ஓடும். அக்டோபரில் மழை இறங்கினால் மூன்று மாதம் வேலை கிடையாது, கூலி கிடையாது.

இப்போது இதன் மேல் பள்ளிக் காலண்டரை வைத்துப் பாருங்கள். ஜனவரி, பிப்ரவரியில் ரிவிஷன் டெஸ்ட், செய்முறைத் தேர்வு. மார்ச்சில் பொதுத்தேர்வு. அதாவது, பிள்ளை அதிகமாகப் படிக்க வேண்டிய மாதங்களில்தான் வீட்டில் இன்னொரு ஜோடிக் கை வேண்டியிருக்கும். மூன்று மாதம் வாங்கிய கடனை அடைக்கத் தொடங்கும் நேரமும் அதுதான். மழைக்காலத்தில் பிள்ளையைப் படிக்க விடலாமே என்றால், அப்போது புயல் விடாது. 2011 டிசம்பரில் தானே, 2020 நவம்பரில் மரக்காணம் பக்கத்திலேயே கரை கடந்த நிவர், 2024-ல் ஃபெஞ்சல். ஃபெஞ்சல் சமயத்தில் எங்கள் மாவட்டத்தில் வெள்ளம் வடிந்து, பள்ளி திறந்து, அரையாண்டுத் தேர்வே தள்ளிப்போனது.

வேலை நேரமும் அப்படித்தான். வெயில் ஏறினால் பாத்தியில் கண் திறக்க முடியாது. அவ்வளவு வெள்ளை, அவ்வளவு கூச்சம். அதனால் விடிகாலை நான்கு மணிக்கே கிளம்பிவிடுவார்கள். ஆண்கள் நீளக் கைப்பிடி வைத்த பலகையால் உப்பை இழுத்துக் குவிப்பார்கள். பெண்கள் கூடையில் அள்ளித் தலையில் சுமந்துபோய்க் கரையில் கொட்டுவார்கள். வீட்டில் மூத்தது பெண் பிள்ளையாக இருந்தால், உலை வைப்பது, தம்பி தங்கையைக் குளிப்பாட்டிக் கிளப்புவது எல்லாம் அவள் பொறுப்பு. காலை எட்டு மணி ஸ்பெஷல் கிளாஸுக்கு அவள் எப்படி வருவாள்?

என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் அப்படிப்பட்ட மூத்த பெண். ஆறாவதிலிருந்து ஒரே பெஞ்ச். சமச்சீர்க் கல்வி வழக்கால் 2011-ல் ஜூனிலிருந்து ஆகஸ்ட் வரை புத்தகமே கைக்கு வராமல் இருந்ததே, அந்த இரண்டு மாதம் நாங்கள் இருவரும் விளையாடியே ஓட்டினோம். அப்போதே அவள் கணக்கில் என்னைவிடக் கெட்டி. பிளஸ் 1-ல் இருவரும் சயின்ஸ் குரூப்.

வேதியியல் சார் ஒருநாள் எங்களைப் பார்த்து, “கடல் தண்ணியிலேர்ந்து உப்பு மட்டும் எப்படித் தனியா வருது, யாருக்காவது தெரியுமா?” என்று கேட்டார். புத்தகத்தில் இல்லாத கேள்வி. இவள் எழுந்தாள். முதல் பாத்திகளில் சுண்ணாம்பு மாதிரி படிவது வேறு, அப்புறம் ஜிப்சம், நீரின் டிகிரி 25-ஐத் தொட்ட பிறகுதான் உப்பு பூக்கும், அதைத் தாண்டி விட்டுவிட்டால் உப்பு கசக்கும், அதனால் மிச்சத் தண்ணீரை வடித்துவிட வேண்டும் என்று மளமளவென்று சொன்னாள். டிகிரி என்பது உவர்நீரின் அடர்த்தியைக் கண்ணாடி மிதவை போட்டு அளக்கும் கணக்கு. அவள் அப்பா தினமும் பார்ப்பது. சார் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம், “இதத்தாம்மா காலேஜ்ல பகுதிப் படிகமாக்கல்னு சொல்லித் தருவாங்க” என்றார். முதலியார் குழு கனவு கண்ட பல்நோக்குப் பள்ளி எங்கள் ஊரில் ஒரு பீரியட் நடந்தது என்று இப்போது தோன்றுகிறது. பப்ளிக் எக்ஸாமில் அந்தக் கேள்வி வரவில்லை என்பது வேறு விஷயம்.

2018 பிப்ரவரி. அவள் அம்மாவுக்குக் காலில் புண். உப்பளத்தில் இது புதிதல்ல. உப்பு நீரில் நாள் முழுக்க நின்றால் பாதம் வெடிக்கும். வெடித்த இடத்தில் உப்பு இறங்கினால் ஆறவே ஆறாது. அம்மா இடத்துக்கு இவள் போனாள். “இந்த மாசம் மட்டும்தாண்டி. அம்மாவுக்கு ஆறிடுச்சுன்னா வந்துடுவேன்” என்றாள். கிளாஸ் டீச்சர் இரண்டு முறை வீட்டுக்குப் போனார். ஒருமுறை பாத்திக்கே போனார், செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வரப்பு மேல் நடந்து. அவள் அப்பா அந்த டீச்சரை உட்கார வைக்க இடமில்லையே என்று தவித்தாராம். “படிக்க வெக்கணும்னுதான் டீச்சர் இருக்கு. ஆனா அட்வான்ஸ் வாங்கிட்டோம், ரெண்டு ஆள் கணக்கு” என்றாராம்.

விழிப்புணர்வு இல்லை என்று டி.வி-யில் சொன்னார்களே, அந்த விழிப்புணர்வு இல்லாத அப்பா இவர்தான்.

மார்ச் தேர்வுக்கு அவள் பெயர் போட்ட ஹால் டிக்கெட் வந்தது. ஆபீஸ் ரூம் மேசை டிராயரிலேயே இருந்தது. தேர்வு அறையில் எனக்கு முன்னால் ஒரு பெஞ்ச் காலியாக இருந்தது.

ரிசல்ட் வந்ததும் எங்கள் பள்ளியின் தேர்ச்சி சதவிகிதத்தைப் போர்டில் எழுதினார்கள். அந்த எண்ணில் அவள் இல்லை. ஃபெயிலானவர்கள் கணக்கிலும் இல்லை. ஏனென்றால் தேர்ச்சி சதவிகிதம் என்பது தேர்வு எழுதியவர்களை வைத்துப் போடுகிற கணக்கு. எழுத வராதவர் அந்த வகுத்தலிலேயே வரமாட்டார்.

இது என் தோழியின் கதை மட்டும் இல்லை. 2023 மார்ச்சில் பிளஸ் 2 முதல் நாள் தமிழ்த் தேர்வுக்கு 50 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வரவில்லை என்ற செய்தி உங்களுக்கு நினைவிருக்கலாம். சட்டமன்றம் வரை போன விவகாரம். கொரோனா காலத்தில் பத்தாம் வகுப்புத் தேர்வே எழுதாமல் மேலே வந்த பேட்ச் அது. அதில் பலர் எப்போதோ பள்ளிக்கு வருவதை நிறுத்தியிருந்தார்கள், பெயர் மட்டும் வருகைப் பதிவேட்டில் இருந்தது. இரண்டு மாதம் கழித்து ரிசல்ட் வந்தது. 94.03 சதவிகிதம். தலைப்பில் அந்த எண் மட்டும் போனது.

இந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு பள்ளிகளை வரிசைப்படுத்தும்போது இன்னொன்றும் நடக்கிறது. பத்தாவதில் 450-க்கு மேல் எடுத்தவர்களை மட்டும் பிளஸ் 1-ல் சேர்க்கும் பள்ளி நூறு சதவிகிதம் காட்டுவதில் என்ன அதிசயம்? ஒன்பதாம் வகுப்பிலேயே ‘உங்க பிள்ளைக்கு இங்க செட் ஆகாதுங்க’ என்று டி.சி-யை நீட்டும் பள்ளிகளைப் பற்றிக் கேள்விப்படாத பெற்றோர் உண்டா? அந்த டி.சி-யோடு வரும் பிள்ளையையும் சேர்த்துக்கொள்வது அரசுப் பள்ளிதான். பிறகு சதவிகிதம் குறைந்தால் தலைமையாசிரியரைக் கூப்பிட்டு விளக்கம் கேட்பதும் அரசுப் பள்ளியில்தான். இத்தனைக்கும் நடுவில் 2025-ல் நானூற்றுக்கும் மேற்பட்ட அரசுப் பள்ளிகள் பிளஸ் 2-வில் நூறு சதவிகிதம் காட்டின என்பதை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்ள மாட்டேன். ஆனால் அந்தப் பள்ளிகளிலும் எனக்கு ஒரு கேள்வி இருக்கும். ஆறாம் வகுப்பில் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் பிளஸ் 2 தேர்வறைக்கு வந்தார்கள்?

வரும் ஜூனில் பிள்ளையைச் சேர்க்கப் போகிறவர்கள், அரசுப் பள்ளியோ தனியார் பள்ளியோ, தேர்ச்சி சதவிகிதம் கேட்கும்போது இதையும் சேர்த்துக் கேளுங்கள். பதில் சொல்லத் தயங்குகிற பள்ளி எது என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

அரசு எதுவும் செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். கொரோனாவால் விட்டுப்போன படிப்பை ஈடுகட்ட வந்த ‘இல்லம் தேடிக் கல்வி’ திட்டத்தை 2021 அக்டோபரில் முதல்வர் தொடங்கி வைத்ததே எங்கள் மரக்காணம் ஒன்றியத்தில் இருக்கும் முதலியார்குப்பத்தில்தான். சாயங்காலம் தெருவில் பாய் விரித்துப் பிள்ளைகள் படித்ததை நானே பார்த்திருக்கிறேன். உப்பளத் தொழிலாளர்களுக்கு மழைக்கால நிவாரணமாக 5,000 ரூபாய் தருகிறார்கள். மூன்று மாதத்துக்கு அது போதாது, ஆனால் முன்பு அதுவும் இல்லை. அரசுப் பள்ளியில் படித்த பெண்கள் கல்லூரிக்குப் போனால் மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022-ல் வந்தது. மருத்துவப் படிப்பில் 7.5 சதவிகித உள் ஒதுக்கீடு அதற்கும் முன்பே, 2020-ல் வந்துவிட்டது. பிளஸ் 1 பொதுத்தேர்வை 2025-26 முதல் எடுத்துவிட்டார்கள். இரண்டு வருடமும் தொடர்ந்து பொதுத்தேர்வு என்ற சுமை குறைந்ததில் எனக்கு மகிழ்ச்சி.

ஆனால் பாருங்கள், ஆயிரம் ரூபாய் வருவது பிளஸ் 2-வைத் தாண்டிய பிறகு. என் தோழிக்குத் தேவைப்பட்டது பிளஸ் 2 பிப்ரவரியில். உப்பளம், செங்கல் சூளை, கரும்பு வெட்டு என்று சீசன் வேலை நடக்கும் ஊர்களில் அந்த இரண்டு மாதத்துக்கு ஓர் உதவித்தொகை இருந்தால் போதும் என்பது என் எண்ணம். ரெண்டு ஆள் கணக்கில் ஓர் ஆளின் கூலி. எந்த மாதத்தில் எந்த ஊரில் பிள்ளைகள் நின்றுபோகிறார்கள் என்பது வருகைப் பதிவேட்டைப் புரட்டினாலே தெரியும். இப்போது அது செல்போன் ஆப்பிலேயே இருக்கிறது.

அவளுக்கு இப்போது கல்யாணமாகி ஒரு மகள். பக்கத்து ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பு. போன மாதம் ஊருக்குப் போயிருந்தபோது பாத்திக் கரையில் வைத்துப் பார்த்தேன். “ஸ்கூல்லயே டிபன் போடுறாங்கடி. காலையில உலை வெக்காம கெளம்புறேன், அதுவே எவ்ளோ பெருசு” என்றாள். அவள் அம்மாவின் கால் ஒருவழியாக ஆறிவிட்டது, ஆனால் முன்போல நிற்க முடியவில்லை.

பிளஸ் 2-வைத் தனித்தேர்வராக எழுதலாமா என்று அவளே கேட்டாள். எந்த அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும், எந்தத் தேதிக்குள் என்று விசாரித்துச் சொல்கிறேன் என்றேன். அவளுடைய டி.சி இன்னும் அந்தப் பள்ளியில்தான் இருக்கிறது. இத்தனை வருடத்தில் அதை வாங்கவே போகவில்லையாம். இப்போது சீசன், லீவு போட முடியாது. மழை பிடித்து வேலை நின்றதும் இருவரும் சேர்ந்து போய் வாங்குவதாக இருக்கிறோம்.